ஃப்ளூ ஊசி வேண்டாம் என்று சொல்லும் வீடுகளைப் பற்றி: குழந்தை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

நான் கிராம சுகாதாரச் செவிலியராக வேலைக்குச் சேர்ந்து, பின்னால் அந்த வேலைக்கு வரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஓய்வு பெற்றவள். இப்போது பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஊசிக்கு வரும் பாட்டியாக உங்கள் கிளினிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறேன். ஃப்ளூ ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துபோகும் பெற்றோரைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் ஆண்டுதோறும் போடச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2012லேயே இந்த வயதுக் குழந்தைகளை முன்னுரிமைப் பட்டியலில் வைத்தது. என் பேத்திக்குப் போட்டாயிற்று. அதனால் போடாதவர்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அவர்கள் ஏன் போடுவதில்லை என்பதை உங்களில் பலர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

"வாட்ஸ்அப்பை நம்புறாங்க, எங்களை நம்ப மாட்டேங்குறாங்க" என்று டாக்டர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். "புது போன் வாங்கக் காசு இருக்கு, புள்ளைக்கு ஊசி போட இல்லையா?" என்று கேட்பதையும் கேட்டிருக்கிறேன். இரண்டும் நியாயமில்லை. தடுப்பூசியை நம்பாத ஊர் இது இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஒரு வயது நிறைந்த குழந்தைகளில் சுமார் 89 விழுக்காட்டினருக்கு அடிப்படைத் தடுப்பூசிகள் முழுவதும் போடப்பட்டிருந்தன. புதன்கிழமை ஊசி நாள் என்றால் கூலி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கார்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, நாங்கள் வேக்சின் கேரியரைத் திறப்பதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும் பெண்களை நான் காலமெல்லாம் பார்த்தவள். அதே பெண்கள்தான் ஃப்ளூ ஊசி என்றதும் தயங்குகிறார்கள். ஆகவே தடுப்பூசி மேல் உள்ள அவநம்பிக்கை என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது.

நிமோகாக்கல் ஊசியை நினைத்துப் பாருங்கள். தனியாரிடம் ஒரு தவணை மூவாயிரம் ரூபாய்க்கு மேல் விற்ற காலத்தில் எங்கள் பகுதியில் அதைப் போட்ட குழந்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். "அந்த ஊசி தேவையா சிஸ்டர்?" என்று கேட்பார்கள், யோசிப்பார்கள், விட்டுவிடுவார்கள். 2021இல் அரசு அட்டவணையில் அது சேர்ந்து இலவசமானது. அதன் பிறகு யாரும் யோசிக்கவில்லை. மற்ற ஊசிகளோடு அதையும் போட்டுக்கொண்டு போனார்கள். அறிவு ஒரே நாளில் வளரவில்லை, டாக்டர். விலை போனது, அவ்வளவுதான்.

ஃப்ளூ ஊசி இன்னும் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. முதல் முறை போடும் சின்னக் குழந்தைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை, அப்புறம் ஆண்டுக்கு ஒன்று. தவணைக்கு ஏறக்குறைய 1,500 முதல் 2,000 ரூபாய். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் பார்க்கும் பெண்ணுக்கு அது நாலைந்து நாள் சம்பளம். இரண்டு பிள்ளைகள் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். காசைவிடக் கனமான இன்னொன்றும் இதில் இருக்கிறது. "முக்கியமான ஊசின்னா கவர்மெண்டே போடுமே சிஸ்டர்?" என்று என்னிடம் எத்தனையோ தாய்மார்கள் கேட்டிருக்கிறார்கள். இது முட்டாள்தனமான கேள்வி இல்லை. போலியோவிலிருந்து ரோட்டா வரை எது முக்கியமோ அதை அரசு வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து கொடுத்ததைப் பார்த்தே வளர்ந்தவர்கள் இவர்கள். கொண்டுவராததை அவ்வளவு முக்கியமில்லாதது என்று எடுத்துக்கொள்கிறார்கள். நிமோகாக்கல் ஊசியின் கதையைச் சொன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். பல ஆண்டுகள் அட்டவணைக்கு வெளியே இருந்தபோதும் அது உயிர் காக்கும் ஊசியாகத்தான் இருந்தது. நான் அப்படித்தான் சொல்லுவேன், பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

இன்னொன்று. ஊசியைப் பரிந்துரைப்பவரும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து விற்பவரும் ஒரே ஆள் என்பது வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். உங்கள் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் விலைப்பட்டியலைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் கிளினிக்கில் காசுக்காகச் சொல்கிறார் என்ற பேச்சு எழுவதே இல்லை என்பதைப் பார்த்திருக்கிறேன்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

ஒரு கிளினிக்கில் ஏழு மாதக் குழந்தையோடு ஒரு பெண் வந்திருந்தாள். டாக்டர் பொறுமையானவர். "ஃப்ளூ வேக்சின் ஆரம்பிச்சுடலாம்மா, மழை சீசன் வருது" என்று நல்லவிதமாகத்தான் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்து போனை எடுத்தாள். முதலில் துபாயில் இருக்கும் கணவன். "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க" என்றான். அடுத்து மாமியார். ஸ்பீக்கர் போடாமலேயே அந்தக் குரல் பக்கத்து நாற்காலிக்குக் கேட்டது. "நல்லா இருக்குற புள்ளைக்கு எதுக்குடி ஊசி? போன தடவ போட்டுட்டு வந்து ரெண்டு நாள் ராத்திரி யாரு முழிச்சுக் கெடந்தா? சளி புடிச்சா கற்பூரவள்ளிச் சாறு குடுத்துக்கலாம், வா." அந்தப் பெண் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய், "அடுத்த தடவ போட்டுக்குறோம் டாக்டர்" என்றாள். ஊசி கார்டில் ஃப்ளூ என்ற வரிக்கு நேராக பென்சிலில் ஒரு தேதியைக் குறித்துக் கொடுத்தார்கள். மேலே இருந்த வரிகளெல்லாம் பேனாவால் எழுதி, கையெழுத்து போட்டு நிறைந்திருந்தன.

டாக்டர் அந்தப் பெண்ணிடம் பேசினார். முடிவெடுக்கிற ஆள் அந்த அறையில் இல்லவே இல்லை.

அந்த மாமியாரையும் தவறாக நினைக்காதீர்கள். போன தடவை இரண்டு இரவு தூங்காமல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது அந்த அம்மாள்தான். அவர் பேச்சில் இருக்கும் நியாயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஊசி போட்ட ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வீட்டில் அதற்குப் பொறுப்பாக ஒரு ஆள் உண்டு. "நல்லா இருந்த புள்ளையத் தூக்கிட்டுப்போய்க் குத்திக்கிட்டு வந்துட்டா" என்பார்கள். ஊசி போடாமல் விட்டு நவம்பரில் அதே குழந்தை நாலு நாள் காய்ச்சலில் கிடந்தால் யாரும் பொறுப்பில்லை. பனிக்காற்று, மழையில் நனைந்தது, பிளே ஸ்கூல், கல்யாண வீட்டு ஐஸ்கிரீம், கண்ணேறு, இப்படிக் காரணங்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு மருமகளாக, ஒரு இளம் தாயாக யோசித்துப் பாருங்கள். போட்டால் பழி அவள் தலையில். போடாவிட்டால் பழி காற்றின் தலையில். அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள்?

இது நம் ஊர் மாமியார் மருமகள் சமாச்சாரம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இலானா ரிட்டோவ், ஜோனதன் பேரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கற்பனையாக ஒரு ஃப்ளூவைச் சொன்னார்கள். அது மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 10,000 பேருக்கு 10 பேரைக் கொல்லும். தடுப்பூசி போட்டால் அந்த ஃப்ளூ வரவே வராது, ஆனால் ஊசியாலேயே ஒரு சில குழந்தைகள் இறக்கக்கூடும். எவ்வளவு ஆபத்து வரை இருந்தால் உங்கள் குழந்தைக்குப் போடுவீர்கள் என்பது கேள்வி. பத்துக்குக் கீழே எந்த எண்ணாக இருந்தாலும் ஊசி போடுவதுதான் குழந்தைக்கு நல்லது. ஆனால் பலர் அதைவிடக் குறைந்த எண்ணிலேயே நின்றுகொண்டார்கள். ஒரு உயிர் போகும் என்றாலும் வேண்டாம் என்றவர்களும் உண்டு. அவர்கள் படித்த அமெரிக்கர்கள். தன் கையால் வரும் கேடு, தானாக வரும் கேட்டைவிடப் பெரிதாகத் தோன்றுவது மனித சுபாவம். நிஜமான ஃப்ளூ ஊசியில் அந்தக் கற்பனை ஊசியின் ஆபத்து இல்லை. கை வலிக்கும், கொஞ்சம் சிவக்கும், ஒரு நாள் இரண்டு நாள் காய்ச்சல் வரலாம். இருந்தாலும் பயத்தின் வடிவம் ஒன்றுதான். நம் வீடுகளில் அந்தப் பயத்துக்கு மேல் நாத்தனார், மாமியார், பக்கத்து வீட்டுக்காரி என்று ஒரு பஞ்சாயத்தே சேர்ந்துகொள்கிறது.

நான் பயிற்சி கொடுத்த பெண்களுக்கு இதற்கு ஒரு வழி சொல்லிக் கொடுப்போம். அரசு ஊசி நாளில் ஒவ்வொரு தாய்க்கும் நாலு செய்தி சொல்லியாக வேண்டும். என்ன ஊசி போட்டோம், எதைத் தடுக்கும். என்ன பக்கவிளைவு வரலாம், வந்தால் என்ன செய்வது. அடுத்து எப்போது வர வேண்டும். கார்டைப் பத்திரமாக வைத்து மறுபடி கொண்டுவர வேண்டும். அப்புறம் அரை மணி நேரம் உட்கார வைப்போம். பாடப்புத்தகத்தில் இருப்பதுதான், உங்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த இரண்டாவது செய்தி வீட்டுக்குள் என்ன வேலை செய்கிறது என்பதை நாங்கள்தான் நேரில் பார்த்தோம். "ஒரு நாள் காய்ச்சல் வரும்னு நர்ஸம்மா மொதல்லயே சொல்லித்தான் அனுப்புச்சு" என்று ஒரு பெண் வீட்டில் சொல்ல முடிந்தால், காய்ச்சலுக்கான பழி அவளை விட்டு இறங்கி என் தலைக்கு வந்துவிடும். நான் அதைத் தாங்கிக்கொள்வேன். அடுத்த மாதம் அந்த வீட்டு வாசலில் போய் நின்றால் பாட்டி நாலு வார்த்தை திட்டுவாள், பிறகு தண்ணீர் கொடுப்பாள், பிறகு குழந்தையைக் கொடுப்பாள்.

டாக்டர், நான் உங்களிடம் கேட்பது இதைத்தான். அந்தப் பழியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பெண் போனை எடுப்பதற்கு முன்பே, "வீட்ல பாட்டி இருக்காங்களா? கூப்பிடுங்க, நான் பேசறேன்" என்று நீங்களே கேளுங்கள். இரண்டு நிமிடம் ஆகும். கூட்டம் நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் டாக்டரே போனில் பேசினார் என்பது நம் ஊர்களில் சாதாரண விஷயம் இல்லை. கஷாயம் கொடுக்காதே, கற்பூரவள்ளி கொடுக்காதே என்று ஆரம்பிக்காமல், "ஊசி போட்டா இன்னிக்கு ராத்திரி காய்ச்சல் வரலாம்மா, அதுக்கு நான் மருந்து எழுதித் தர்றேன், பயப்பட ஒண்ணும் இல்ல, நான் இருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

பழைய காயங்களையும் மறக்கக் கூடாது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. அதன் பின் கொஞ்ச காலம் துணை சுகாதார நிலையங்களில் ஊசி போடுவது நின்று, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாறியது. அந்த மாதங்களில் நாங்கள் வாசலில் நின்றபோது மக்கள் எங்களைப் பார்த்த பார்வை வேறு. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் தொடங்கியபோது, பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டுப் பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய பேச்சில் பெற்றோர் மிரண்டுபோய், முகாமையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் கொரோனா ஊசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் காலமானார். அவர் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுக் குழு பின்னால் சொன்னது. அந்த இரண்டு நாள் இடைவெளி மக்கள் மனதில் பதிந்த அளவுக்குக் குழுவின் அறிக்கை பதியவில்லை. இவற்றைப் பேசாமல் ஒதுக்கிவிட்டால் அந்தப் பயம் போய்விடாது.

ஃப்ளூ ஊசியிலேயேகூட ஒளிக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. 2010இல் ஆஸ்திரேலியாவில் ஃப்ளுவாக்ஸ் என்ற ஃப்ளூ ஊசி போட்ட சின்னக் குழந்தைகள் பலருக்குக் கடும் காய்ச்சலும் காய்ச்சல் வலிப்பும் வந்தன. ஏப்ரல் மாதமே ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு ஃப்ளூ ஊசி போடுவதை நிறுத்தி விசாரித்தார்கள். கோளாறு அந்த ஒரு தயாரிப்பில்தான் என்று தெரிந்த பிறகு, மற்ற தயாரிப்புகளைத் தொடர்ந்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஃப்ளூவில் குழந்தைகள் இறந்ததைப் பார்த்துத்தான் இலவசத் திட்டமே தொடங்கியிருந்தார்கள். அந்த மாநிலத்திலேயே இதற்குப் பிறகு பெற்றோரின் நம்பிக்கை சரிந்து, மீள வெகுகாலம் ஆயிற்று. இதை ஒரு தாய் எங்கோ படித்துவிட்டு வந்து கேட்டால், "அதெல்லாம் வதந்தி" என்று தள்ளிவிடாதீர்கள். நடந்தது உண்மை. கண்டுபிடித்தார்கள், நிறுத்தினார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நம்புவார்கள்.

"போன வருஷம் போட்டோமே, அப்பவும் சளி புடிச்சுதே?" இந்தக் கேள்விதான் இரண்டாம் ஆண்டு ஊசியைக் கொல்கிறது. முதல் ஆண்டு காசு கொடுத்துப் போட்டவர்களே மறு ஆண்டு வராமல் போவதற்கு இதுதான் பெரிய காரணம் என்பது நான் பார்த்தவரை என் முடிவு. இதில் பெற்றோர் மேல் தப்பே இல்லை. "இத போட்டா சளி காய்ச்சல் வராது" என்று யாரோ ஒருவர் அவர்களிடம் சொல்லியிருக்கிறார். 2018இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில் இரண்டு கணக்கு இருக்கிறது. இரண்டு முதல் பதினாறு வயது வரையுள்ள குழந்தைகளில், ஊசி போடாதவர்களில் 100க்கு 30 பேருக்கு ஃப்ளூ வந்தது, போட்டவர்களில் 11 பேருக்குத்தான் வந்தது. அது பெரிய வித்தியாசம். ஆனால் ஃப்ளூ மாதிரியே தோன்றும் எல்லாக் காய்ச்சல்களையும் சேர்த்துப் பார்த்தால், 28 என்பது 20 ஆகத்தான் குறைந்தது. காரணம் உங்களுக்குத் தெரியும். மூக்கொழுகலும் காய்ச்சலும் கொண்டுவரும் வைரஸ்கள் பல. ஊசி தடுப்பது அவற்றில் ஒன்றை. அந்த ஒன்று மற்றவற்றைவிட மோசமானது என்பதால்தான் அதற்கு ஊசி. இவ்வளவையும் ஒரு தாய்க்குச் சொல்ல முடியாதா? முடியும். "சளி வரும்மா, இருமல் வரும். இந்த ஊசி பெரிய காய்ச்சல்ல இருந்து காப்பாத்த" என்றால் போதும். குறைத்துச் சொல்லுங்கள். ஏமாற மாட்டார்கள், மறு ஆண்டும் வருவார்கள்.

ஊசியின் பலனும் ஆண்டுக்கு ஆண்டு ஒன்றுபோல் இருப்பதில்லை. ஹரியானாவில் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் மூன்று ஆண்டுகள் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், முதல் ஆண்டு பலன் 26 விழுக்காட்டை ஒட்டித்தான் இருந்தது. மூன்றாம் ஆண்டு அது 74 ஆனது. வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கிறது. எந்த வகை பரவும் என்று பார்த்து, உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூடி ஊசியில் எதைச் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. "வருஷா வருஷம் போடச் சொல்றது வியாபாரம்" என்று நினைப்பவர்களுக்கு இந்த விவரம் உதவும். பி வைரஸில் யமகாட்டா என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. அதனால் நான்கு வகை ஊசியிலிருந்து மூன்று வகை ஊசிக்குத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். வியாபாரம் மட்டுமே குறி என்றால் ஒன்றைக் குறைக்கச் சொல்வார்களா?

ஃப்ளூ என்ற பெயரையே பெற்றோர் கேள்விப்படுவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. குழந்தை காய்ச்சலோடு வருகிறது, மருந்து கொடுக்கிறீர்கள், நெபுலைசர் வைக்கிறீர்கள், முடியாவிட்டால் அட்மிஷன். டிஸ்சார்ஜ் சீட்டில் நிமோனியா என்றோ, வீசிங் என்றோ, வைரல் காய்ச்சல் என்றோ எழுதியிருக்கும். எந்த வைரஸ் என்று பரிசோதிப்பதற்குச் செலவு அதிகம், சிகிச்சையும் பெரும்பாலும் மாறாது, அதனால் விட்டுவிடுகிறீர்கள். நியாயம்தான். ஆனால் அதன் விளைவாக, ஃப்ளூ என்ற நோயைத் தன் குழந்தையிடம் பார்த்தோம் என்று சொல்லும் தாய் நம் ஊரில் அநேகமாக இல்லை. பார்க்காத நோய்க்கு யார் ஊசி போடுவார்கள்? தட்டம்மையைப் பார்த்த பாட்டிகள் இருந்தார்கள், போலியோவால் கால் சூம்பிய பிள்ளை தெருவுக்கு ஒன்று இருந்தது. அவர்கள் ஊசிக்கு ஓடி வந்தார்கள்.

உலகளவில் 2018ஆம் ஆண்டுக்குப் போட்ட மதிப்பீடு ஒன்றில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஃப்ளூ வைரஸ் தாக்கியது சுமார் 11 கோடி முறை. நுரையீரல் வரை பாதித்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 8,70,000 பேர். இறந்தவர்கள் 34,800 வரை இருக்கலாம். மருத்துவமனையில் நடந்த இறப்புகளில் பெரும்பகுதி நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில்தான். அமெரிக்காவில் 2010க்கும் 2014க்கும் இடையே ஃப்ளூவில் இறந்த குழந்தைகளைப் பற்றிய ஆய்வில், வேறு நோய் எதுவும் இல்லாத குழந்தைகளில் இறப்பைத் தடுப்பதில் ஊசியின் பலன் 65 விழுக்காடாக இருந்தது. இறந்த குழந்தைகளில், ஊசி விவரம் தெரிந்தவர்களில் கால்வாசிப் பேர்தான் போட்டவர்கள். நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கு எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

பெயர் தெரிந்தால் மக்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்கும் நம்மிடமே சாட்சி உண்டு. 2009இல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு மாதிரி அனுப்பிவிட்டு முடிவுக்காகத் தவித்த குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். அந்த எச்1என்1 எங்கேயும் போய்விடவில்லை. ஆண்டுதோறும் வரும் ஃப்ளூவில் ஒன்றாகிவிட்டது. ஆண்டுதோறும் ஊசியிலும் இருக்கிறது. இதை எத்தனை பெற்றோரிடம் சொல்லியிருக்கிறீர்கள்? "பன்றிக் காய்ச்சலுக்கும் சேர்த்துத்தான் இந்த ஊசி" என்று நான் சொன்னதும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்த அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். பயமுறுத்தச் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்த பெயரில் சொல்லுங்கள் என்கிறேன்.

காலத்தையும் பாருங்கள். இந்திய நகரங்களில் நடந்த கண்காணிப்பில் டெல்லியிலும் புனேயிலும் ஃப்ளூ ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சத்தில் இருந்தது. ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை. சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரில். நமக்கு வடகிழக்குப் பருவமழைதான் ஃப்ளூக் காலம். முதல் முறை தொடங்குவதை ஆறு மாதம் முடிந்ததும் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், தள்ளிப்போட வேண்டாம். ஆனால் ஆண்டுதோறும் போடுவதை மழைக்கு முன் வைத்துக்கொண்டால், அதன் பலனைப் பெற்றோர் கண்ணால் பார்க்க முடியும். ஆடி கழிந்ததும் கிளினிக்கிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போகட்டும். இதய நோய், ஆஸ்துமா, நாள்பட்ட ரத்த நோய் உள்ள பிள்ளைகளின் பட்டியல் உங்களிடம் இருக்கிறது. அவர்கள் வீட்டுக்கு மட்டுமாவது போன் செய்யச் சொல்லுங்கள்.

ஆறு மாதம் முடியாத குழந்தைக்கு இந்த ஊசியே கிடையாது. ஆனால் நான் மேலே சொன்ன உலகக் கணக்கில், மருத்துவமனையில் இறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தக் கைக்குழந்தைகள்தான். அவர்களைக் காப்பாற்றும் ஒரே ஊசி தாய் வயிற்றில் இருக்கும்போதே தாய்க்குப் போடுவது. அதற்கு மகப்பேறு மருத்துவர்கள் மனது வைக்க வேண்டும். உங்கள் பக்கத்து அறையில், சில இடங்களில் உங்கள் வீட்டிலேயே, அவர்கள் இருக்கிறார்கள். மகாராஷ்டிர அரசு கர்ப்பிணிகளுக்கு இதை இலவசமாகப் போட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கர்ப்பிணிகளுக்கும், நாள்பட்ட நோயுள்ள குழந்தைகளுக்குமாவது இது இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று உங்கள் சங்கம் எழுத்து மூலம் அரசிடம் கேட்க வேண்டும். என்னைப் போன்றவர்கள் கேட்டால் ஃபைல் நகராது. நீங்கள் கேட்டால் நகரும்.

வரும்படி இல்லாத ஒவ்வொரு வீட்டையும் இந்த ஊசிக்கு இழுத்துவிட முடியும் என்று நான் நினைக்கவில்லை. காசு இல்லாதவர்களுக்கு அரசு போட்டால்தான் வழி. ஆனால் காசும் இருந்து, டாக்டர் மேல் மரியாதையும் இருந்து, பழிக்குப் பயந்து மட்டும் எழுந்துபோகும் வீடுகள் உங்கள் கிளினிக்கில் நாளுக்கு நாலு இருக்கும். அந்த வீடுகளை எனக்குத் தெரியும்.

உங்கள் மாவட்டக் கிளைக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச அரை மணி நேரம் ஒதுக்கினால், தாய்மார்கள் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்கும் பேச்சிலேயே எழுதி எடுத்துக்கொண்டு வருகிறேன். நீங்கள் பதில் சொல்லிப் பாருங்கள். மழைக்கு முன் கூட்டம் வைத்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு சமுதாய சுகாதாரச் செவிலியர்